நாற்பத்தெட்டுக் கைகள்

2024 நவம்பர் 9, சனிக்கிழமை, காலை 10 மணி 20 நிமிடம். வெளியே மூடுபனி. பலகணியில் மாட்டியிருக்கும் வெப்பமானி நான்கு பாகை காட்டியது. சுவிஸின் வில் நகரத்தில் சூரியனைக் காணாத பதினோராவது காலை அது. வாசல் மணி இரண்டு தரம் அடித்தது. சொல்லாமல் வருகிறவர்கள் எங்கள் வீட்டுக்குக் குறைவு. இந்த நாட்டில் இப்போது தமிழரும் நாள் குறித்துக்கொண்டுதான் வருகிறார்கள். அதனால் கதவைத் திறக்கும் முன்பே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

வந்தவர் முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை செய்யும் பெண். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவில் பதினான்கு வருடமாகச் சமையலுக்கு நிற்பவர். சப்பாத்தைக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே ஒரு தாளை நீட்டினார்.

"அண்ணை, இது உங்கட கையெழுத்தோ?"

கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுப் பார்த்தேன். எங்கள் சங்கத்தின் தலைப்புத் தாளின் நகல். நகரசபையின் குடியுரிமைக் குழுவுக்கு ஜெர்மனில் ஏழு வரி. அந்தப் பெண் சுவிஸ் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். தன்னைப் பற்றி விசாரிக்க எங்கள் சங்கத்தின் பெயரைக் கொடுத்திருந்தார். சங்கம் எழுதியிருந்த பதில் இதுதான்: இவர் எங்கள் வேலைகளில் ஒழுங்காகப் பங்குபற்றுபவர் அல்லர், கூட்டங்களில் பிணக்கு ஏற்படுத்துபவர், ஆகவே இவரைப் பரிந்துரைக்க எங்களால் முடியாது. கீழே இடப்பக்கம் தலைவரின் கையெழுத்து. வலப்பக்கம் செயலாளரின் கையெழுத்து. செயலாளர் நான்.

"நான் இதை எழுதேல்லை," என்றேன்.

"கையெழுத்து?"

"கையெழுத்து என்ரைதான்."

"எழுதாமல் எப்பிடி அண்ணை கையெழுத்து வரும்?"

உள்ளே கூப்பிட்டு இருத்தினேன். உண்மையைச் சொன்னால், நான் முதலில் சந்தேகப்பட்டது அவரைத்தான். நகல்தானே, எதையும் எதோடும் ஒட்டி நகல் எடுக்கலாம். இருபத்தாறு வருடம் இயந்திரத் தொழிற்சாலையொன்றில் திருகாணிகளை அளந்து பார்த்துப் பிழையானதைக் கழிப்பது என் வேலையாக இருந்தது. அந்தப் பழக்கத்தில் அடிமட்டத்தை எடுத்து என் கையெழுத்தை அளந்தேன். நாற்பத்தொரு மில்லிமீற்றர். என் கையெழுத்து நாற்பதுக்கும் நாற்பத்திரண்டுக்கும் இடையில்தான் எப்போதும் வரும். நான் அளந்து முடிக்கும்வரை அவர் அடிமட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிந்திருக்கும். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

பிறகு எனக்கு ஜூன் மாதம் நினைவுக்கு வந்தது.

எங்கள் சங்கத்தின் சட்டதிட்டமான யாப்புப்படி வெளியே போகும் எந்தக் கடிதத்துக்கும் இரண்டு கையெழுத்து வேண்டும். தலைவரின் வீட்டுக்குப் போக எனக்கு இரண்டு பேருந்து, நாற்பத்தொரு நிமிடம். ஜூனில் முழங்காலில் சத்திரசிகிச்சை செய்திருந்தேன். போகிற கடிதங்களோ மண்டபம் கேட்டு, பள்ளி அறைத் திறப்புக் கேட்டு எழுதும் ஒரு வரிக் கடிதங்கள். "அண்ணை, நீங்கள் ஏன் கஷ்டப்படுறியள், கொஞ்சத் தாளிலை முன்கூட்டியே வைச்சுத் தாங்கோ," என்றார் தலைவர். பன்னிரண்டு வெற்றுத் தாளில் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். எங்கள் ஆட்களின் சங்கங்களில் இது புதினமில்லை. சுவிஸ்காரரிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தின் பிரதியையும் எனக்குத் தரவேண்டும் என்பது பேச்சு. கோப்பைத் திறந்து எண்ணினேன். பத்துப் பிரதி இருந்தது. மற்ற இரண்டில் ஒன்று இப்போது என் மேசையில்.

தலைவர் ஏன் எழுதினார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்த வருட மார்ச் பொதுக்கூட்டத்தில் அவர் ஆறாவது தடவையாகத் தலைவர் பதவிக்கு நின்றார். ஆதரவுக் கைகளை நான்தான் எண்ணினேன். "எதிர்?" என்று வழமைக்குக் கேட்டபோது ஒரேயொரு கை உயர்ந்தது. இந்தப் பெண்ணுடைய கை. கூட்ட அறிக்கையில் "எதிர்: ஒன்று" என்று எழுதினேன். அந்த மண்டபத்தில் ஒன்று என்று எழுதுவதும் ஒருவரின் பெயரை எழுதுவதும் ஒன்றுதான் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

"பெப்ரவரி முடிய முதல் பதில் சொல்லச் சொல்லியிருக்கினம்," என்றார் அந்தப் பெண். "இல்லாட்டி இதை வைச்சே முடிவெடுப்பினம்."

"நான் தனியாக் கடிதம் எழுதித் தாறன். எனக்கு இது தெரியாதெண்டு."

"கேட்டனான் அண்ணை. தனி ஆளின்ரை கடிதம் கணக்கில்லையாம். சங்கம் எழுதினதைச் சங்கம்தான் மாத்த வேணுமாம்."

சங்கம் எழுதுவதென்றால் தலைவரின் கையெழுத்து வேண்டும்.

அன்று பின்னேரமே தலைவருக்குத் தொலைபேசி எடுத்தேன். கடிதத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. தாள்களைப் பற்றி மட்டும் கேட்டேன்.

"அண்ணை, பத்துத்தானே பாவிச்சது," என்றார். "மற்ற ரெண்டும் பிழையா அடிச்சுப்போட்டன். கிழிச்சு எறிஞ்சிட்டன்."

"ரெண்டையுமோ?"

"ஓம், ரெண்டையும். ஏன் அண்ணை, உங்களுக்கு என்னிலை நம்பிக்கை இல்லையோ?"

கிழித்ததாகச் சொன்ன இரண்டில் ஒன்றின் நகலை இடக்கையில் வைத்துக்கொண்டுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. பயந்து பொய் சொல்கிறவர்களைத் தொழிற்சாலையில் நிறையப் பார்த்திருக்கிறேன். இது வேறு வகை.

என் மனைவி குசினியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். "என்னட்டை நாப்பத்தொரு வருசமா ஒவ்வொரு சாமானுக்கும் பில் கேக்கிறியள்," என்றாள். "அந்தாளுக்கு வெறுந்தாளைக் குடுத்திருக்கிறியள்."

தலைவரை நீக்குவதற்கு யாப்பில் வழி இருந்தது. ஆனால் அந்த யாப்பின் கதையைச் சொல்லவேண்டும். தொண்ணூறுகளில் சங்கம் தொடங்கியபோது சட்டதிட்டம் எழுத எங்களில் ஒருவருக்கும் ஜெர்மன் போதாது. என் மாடியில் இருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் முயல் வளர்ப்போர் சங்கத்தின் செயலாளராக இருந்தார். அவர் தங்கள் யாப்பைத் தந்தார். நாங்கள் முயல் என்று வந்த இடமெல்லாம் பண்பாடு என்று மாற்றிக் கையெழுத்து வைத்தோம். ஒரு இடத்தை விட்டுவிட்டோம். நோயுற்ற பிராணியை எந்த உறுப்பினரும் கண்காட்சிக்குக் கொண்டுவரக் கூடாது என்று எங்கள் யாப்பில் இன்றைக்கும் இருக்கிறது.

பரிசு முயல்களுக்காக அடிக்கடி சண்டை வந்ததாலோ என்னவோ, அவர்கள் தலைவரை நீக்குவதைக் கடினமாக வைத்திருந்தார்கள். கூட்டத்துக்கு வந்தவர்களில் அல்ல, மொத்த உறுப்பினர்களில் முக்கால் பங்கு கை உயர்த்த வேண்டும். பிரேரணையைப் பத்து நாளுக்கு முன் எல்லோருக்கும் எழுத்தில் அனுப்ப வேண்டும். தலைவரைப் பற்றிய விடயமென்றால் அந்த நேரத்துக்கு வேறொருவரைச் சபை தலைமைக்குத் தெரிவுசெய்ய வேண்டும். நாங்கள் அறுபத்துநான்கு பேர். முக்கால் பங்கு நாற்பத்தெட்டு.

பட்டியலை எடுத்து எண்ணினேன். தலைவரின் சொந்தம், சம்பந்தம், சீட்டுக் கூட்டாளிகள் என்று பதினைந்து பேர். அவர்களைக் கழித்தால் நாற்பத்தொன்பது. ஒருவர் காய்ச்சலில் படுக்கலாம். இரண்டாமவர் படுத்தால் முடிந்தது.

உபதலைவர் எனக்கு நெடுநாள் சிநேகிதர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அடுத்த செவ்வாய்க்கிழமை ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள வெதுப்பகத்தில் அவருக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்து விடயத்தைச் சொன்னேன். குற்றப் பிரேரணை என்ற சொல்லைக் கேட்டதும் சிரித்தார்.

"ஐசே, இதென்ன பாராளுமன்றமோ? நாப்பத்தெட்டுக் கை வேணும். உமக்கு எட்டு வருமோ?"

"பதினேழு நிச்சயம். பதினெட்டாவது நீர்."

"என்னை விடும். தோத்தால் என்ன நடக்கும் எண்டு யோசிச்சீரோ? சபையே என்னைக் குற்றவாளி இல்லை எண்டு சொல்லிப்போட்டுது எண்டு அந்தாள் திரியும். இப்ப வெறும் தலைவர். பேந்து விடுதலையான தலைவர். நீர் அவருக்குச் சேட்டிபிக்கற் எழுதிக் குடுக்கப் போறீர்."

"அப்ப பேசாமல் இருக்கிறதோ?"

"மார்ச்சிலை தேர்தல் வருதுதானே. அப்ப பாப்பம்."

"அவவுக்குப் பெப்ரவரியோடை தவணை முடியுது."

அவர் கோப்பிக் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உம்மடை கையெழுத்தும் இருக்கு ஐசே. வெறுந்தாளிலை வைச்சனீர் எண்டு ஊருக்கெல்லாம் தெரியவரும். முதல் கல்லு உம்மடை தலையிலைதான் விழும்."

அவர் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க நான்கு நாள் முயன்றேன். தோற்கும் என்று தெரிந்த பிரேரணையைக் கொண்டுவருவது நியாயமா என்று பெரிய நாடுகளின் சபைகளிலும் கேட்கிறார்கள். தொலைக்காட்சியில் பார்த்தபோதெல்லாம், எண்ணிக்கை இல்லாவிட்டால் எதற்கு இந்தக் கூத்து என்று நானும் சொன்னவன்தான். இப்போது எண்ணிக்கை என் கையிலேயே இருந்தது. அது போதாது என்றும் தெரிந்தது. இன்னொரு சந்தேகமும் இருந்தது. நான் இதை அந்தப் பெண்ணுக்காகச் செய்கிறேனா, அல்லது என் கையெழுத்தைக் கழுவவா?

ஐந்தாம் நாள் அந்தப் பெண்ணையே கேட்டேன். அவருக்குத்தான் நட்டம் வரக்கூடும். பிரேரணை தோற்றால், சங்கம் அந்தக் கடிதத்தை உறுதிப்படுத்தியது என்று தலைவர் நகரசபைக்கு எழுதலாம்.

வேலை முடிந்து வந்து, மேலங்கியோடு நின்றபடி நான் சொன்னதைக் கேட்டார். பிறகு சொன்னார்: "என்னைப் பற்றி எனக்குத் தெரியாமல் ஏழு வரி எழுதியிருக்கினம் அண்ணை. இனி எனக்கு முன்னாலை கதைக்கட்டும். தோத்தாலும் முன்னாலை தோக்கட்டும்."

பிரேரணை இரண்டு பக்கம் வந்தது. முதல் பக்கத்தில் கடிதத்தின் கதை, நான் வெற்றுத் தாளில் கையெழுத்திட்டது உட்பட. இரண்டாம் பக்கத்தில், இந்தக் கடிதம் நிர்வாகக் குழுவில் முடிவெடுக்கப்பட்டதா என்று குழுவினர் ஒவ்வொருவரும் சபையில் பதில் சொல்லவேண்டும் என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த வரியில் எனக்குப் பெரிய நம்பிக்கை இருக்கவில்லை. பக்கம் கொஞ்சம் வெறுமையாக இருந்தது, அவ்வளவுதான். எனக்கு நானே அனுப்பத் தேவையில்லை என்பதால் அறுபத்துமூன்று பிரதி. சங்கத்தின் தபால்தலைகளைத் தொடவில்லை. பிறகு அதையும் ஒரு குற்றமாக்குவார்கள்.

ஜனவரி 26, ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் மூன்று மணி. பள்ளிக்கூடத்தின் அடியிலுள்ள பதுங்கறைதான் எங்கள் மண்டபம். போர் வந்தால் ஒளிப்பதற்கென்று கட்டியது, கதவு ஒரு முழக் கனம். ஐம்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். பொங்கலுக்குக்கூட அவ்வளவு பேர் நேரத்துக்கு வந்ததில்லை. யார் யாருக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று கதவடியில் நின்று பார்த்தேன். நான் நிச்சயம் என்று குறித்த பதினேழில் மூன்று பேர் தலைவரின் மைத்துனரோடு சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் மூன்றாம் வரிசையில் தனியாக இருந்தார். இரு பக்கமும் ஒவ்வொரு கதிரை வெறுமை.

தலைமைக்கு ஓய்வுபெற்ற ஆசுப்பத்திரி ஊழியரான ஒரு அம்மாவைத் தெரிவுசெய்தார்கள். அவர் யார் பக்கமும் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அதிலும் சந்தேகம்.

தலைவர் நல்ல மேலங்கி போட்டு வந்திருந்தார். எழுந்து, சிரித்த முகத்தோடு சொன்னார்: "ஓம், கடிதம் நான்தான் எழுதினது. சங்கத்தின்ரை நன்மைக்கு எழுதினது. ஆனா கீழை செயலாளர் அண்ணையின்ரை கையெழுத்தும் கிடக்கு. என்னைத் தூக்கிறதெண்டால் அவரையும் சேர்த்துத் தூக்குவமோ? ரெண்டு பேரும் ஒரு காரிலை போவம்."

சபை சிரித்தது. நான் எழுந்தேன்.

"ஓம். வாசிக்காத தாளிலை கையெழுத்து வைச்சனான். அது பிழை. அதையும் அறிக்கையிலை எழுதுறன்," என்றேன்.

"எழுதிறதும் அவர்தானே," என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, மறுபடியும் சிரிப்பு.

தலைமை அம்மா மேசையில் தட்டினார். கண்ணாடியை மூக்கில் இறக்கி என் இரண்டாம் பக்கத்தை வாசித்தார். "இஞ்சை ஒரு கேள்வி கிடக்கு," என்றார். "நிர்வாகக் குழுவிலை தலைவரும் செயலாளரும் போக ஐஞ்சு பேர். ஒவ்வொருத்தரா எழும்புங்கோ. இந்தக் கடிதம் குழுவிலை கதைச்சு எடுத்த முடிவோ? ஓம், இல்லை ரெண்டிலை ஒண்டு சொல்லுங்கோ. கதை வேண்டாம்."

முதலில் உபதலைவர். அவர் எழும்பியபோது மூன்றாம் வரிசையைப் பார்க்காமல் இருக்க முயன்றார். அந்த அறையில் பார்க்காமல் இருக்க வேறு இடமில்லை. எங்கும் கொங்கிறீற்றுச் சுவர்.

"இல்லை," என்றார்.

இரண்டாமவர் "இல்லை". மூன்றாமவர் "எனக்கு ஞாபகம் இல்லை" என்றார். "ஞாபகமில்லை எண்டு எழுதுங்கோ," என்றார் அம்மா என்னிடம். நான்காமவரும் ஐந்தாமவரும் "இல்லை". ஐந்தாமவர் தலைவரின் சம்பந்தி. அந்தப் பெண் பொங்கலுக்குச் செய்யும் மோதகத்தை வருடாவருடம் வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போகிறவர். தலைவர் எல்லாவற்றையும் சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அவரும் என்னைப்போல் நாற்பத்தெட்டு என்ற எண்ணை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

வாக்கெடுப்பு என்றதும் கதிரைகள் அசைந்தன. காரில் நேரம் காட்ட வைக்கும் பார்க்கிங் தகட்டை மாற்றிவிட்டு வருகிறோம் என்று ஒவ்வொருவராக எழும்பினார்கள். எங்கள் கூட்டங்களில் வாக்கெடுக்கும் நேரத்தில்தான் எல்லோருக்கும் கார் நினைவு வரும். நீலக் கோடு போட்ட தரிப்பிடத்தில் ஞாயிற்றுக்கிழமை தகடு தேவையில்லை. அது அவர்கள் ஏழு பேருக்கும் தெரியும். ஏழாவதாகப் போனவர் என் சிநேகிதர், உபதலைவர். அவரிடம் கார் இல்லை.

உள்ளே நாற்பத்துநான்கு பேர் இருந்தோம். அம்மா என்னைப் பார்த்தார். "எல்லாரும் உயர்த்தினாலும் நாப்பத்தெட்டு வராது. எண்ணத்தான் வேணுமோ?"

"எண்ணுங்கோ," என்றேன்.

ஆதரவு இருபத்தொன்று. எதிர் பத்தொன்பது. நடுநிலை நான்கு. மார்ச்சில் ஒரு கை. இப்போது இருபத்தொன்று. ஆனால் பிரேரணை தோற்றது. தலைவரின் ஆட்கள் கைதட்டினார்கள். "சபை தீர்ப்புச் சொல்லிட்டுது," என்றார் தலைவர். வெளியே போனவர்கள் தட்டிய சத்தம் கேட்டு உள்ளே வந்து தாங்களும் தட்டினார்கள். தேநீர் வந்தது. உபதலைவர் எனக்கு ஒரு கோப்பை கொண்டுவந்து தந்தார். நான் வாங்கவில்லை.

அந்தப் பெண் கைதட்டு முடியும்வரை இருந்துவிட்டு, எழுந்து தலைமை மேசைக்கு வந்தார்.

"அம்மா, அந்த அஞ்சு பேர் பதில் சொன்ன பக்கம் ஒண்டு எனக்கு எழுதித் தரலாமோ?"

"சபையிலை சொன்னதுதானே பிள்ளை. ஏன் தரக்கூடாது?"

அப்போதுதான் எனக்கு யாப்பின் அந்தத் தலைமை விதியின் மற்றப் பாதி உறைத்தது. தலைவரைப் பற்றிய விடயத்தில் அறிக்கைக்குக் கையெழுத்து வைப்பவர்கள் அன்றைய தலைமையும் செயலாளரும். இரண்டு கையெழுத்து. தலைவர் தேவையில்லை. முயல்காரர்களின் விதியை நாங்கள் மாற்றாமல் விட்டிருந்தோம். செயலாளர் வேலையில் முப்பத்தொரு பொதுக்கூட்டங்களை எண்ணியவன் நான். யாப்பின் அந்தப் பக்கத்தில் ஒரு எண்ணை மட்டும் தேடி வாசித்திருக்கிறேன். அந்தப் பெண்ணோ சங்கத்தின் வாயிலிருந்து நான்கு "இல்லை"களை எடுத்துக்கொண்டு போகிறார்.

அடுத்த நாள் ஜெர்மனில் எழுதினேன். ஐந்து பதில்களையும் வாக்கு எண்ணிக்கையையும் வெற்றுத் தாளில் நான் கையெழுத்திட்டதையும், தோற்றதையும் எழுதினேன். அம்மா ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டு வாசித்து, இரண்டு சொல்லைத் திருத்தச் சொல்லி, பிறகுதான் கையெழுத்து வைத்தார். அவரைப் பற்றிய சந்தேகத்தை அங்கேயே விட்டேன். செயலாளர் பதவியையும் அந்த வாரமே விட்டேன்.

மார்ச்சில் அதே தலைவர் ஏழாவது தடவையாகத் தெரிவானார். எதிர்ப்புக் கைகள் பதினெட்டு என்று கேள்விப்பட்டேன். எண்ணியது வேறொருவர். அதனால் உறுதியாகச் சொல்லமாட்டேன்.

மே மாதத்தில் அந்தப் பெண் வந்தார். இம்முறையும் சொல்லாமல்தான், வேலைக்குப் போகும் வழியில், சப்பாத்தோடு. குடியுரிமைக் குழு அந்தக் கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுத்துவிட்டது, நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறது என்றார். எந்தக் கேள்வி கேட்பார்கள் என்று என்னிடம் கேட்கவில்லை. படியில் இறங்கியவர் பாதியில் நின்றார்.

"அண்ணை, பன்ரண்டாவது தாள் கிடைச்சுதோ?"

"இல்லை."

"கவனம்," என்றார்.

அது எனக்கும் நித்திரையைக் கெடுத்துக்கொண்டிருந்த விடயம்தான். தலைவர் கிழித்ததாகச் சொன்ன இரண்டில் ஒன்று கிழியவில்லை. மற்றது மட்டும் கிழிந்திருக்கும் என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் இல்லை. அவருடைய ஏதாவதொரு மேசை லாச்சியில் என் நாற்பத்தொரு மில்லிமீற்றர் கையெழுத்து இன்றைக்கும் வெறுந்தாளில் படுத்திருக்கலாம். மேலே எதை எழுதினாலும் நான் எழுதியதாகும். அவரிடம் மூன்று தரம் எழுத்தில் கேட்டேன். மூன்றுக்கும் பதிலில்லை. ஆகவே எழுபத்திரண்டு வயதில் என் கையெழுத்தை மாற்றினேன். பதினேழு வயதில் பழகியதை விட்டு, முழுப் பெயரையும் தமிழில், கோடு இழுக்காமல். ஒரு கொப்பி முழுக்க எழுதிப் பழகினேன். வங்கியில் இலவசமாக மாற்றினார்கள். அடையாள அட்டையை மட்டும் புதிதாக எடுக்கவேண்டியிருந்தது. கந்தோரிலிருந்த பெண், பழையது இன்னும் ஆறு வருடம் செல்லுமே, ஏன் மாற்றுகிறீர்கள் என்று கேட்டார். பழையது வேறொருவரிடம் இருக்கிறது என்றேன். அவருக்கு விளங்கவில்லை.

அறுபத்துமூன்று தபால்தலைக்கு 63 பிராங். நூற்றிருபத்தாறு பக்க நகலுக்கு 25.20. கடித உறைக்கு 9.80. உபதலைவருக்கும் எனக்கும் கோப்பி 9.60. அடையாள அட்டைக்கு 70. அதற்கான படத்துக்கு 10. எல்லாமாக எனக்கு முடிந்தது 187 பிராங் 60.